பாட்டரி ஜாடியில் நான்கு தவளைகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முட்டுவலியில் தொடங்கி, சர்க்கரையில் இறங்கி, கடைசியில் சின்ன வயதில் வளர்த்த பிராணிகளில் வந்து நிற்கும். ஒருவர் புறா வளர்த்திருப்பார். ஒருவர் கிளி பறந்துபோன கதையைக் கண்கலங்கச் சொல்வார். நாய் வளர்த்தவர்கள் ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். என் முறை வரும்போது நான் "தவளை" என்பேன். எல்லோரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் நாயும் புறாவும் உங்களுக்கு ஒரு வழக்கை ஜெயித்துக் கொடுத்தனவா? என் தவளைகள் கொடுத்தன. பெரியவர்கள் மூன்று பேர் ஒரு பக்கம், பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு பக்கம். ஜெயித்தது நான்தான். அதைச் சொல்வதில் இன்றைக்கும் எனக்கு அலுப்பே கிடையாது.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்பா தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். தந்தி மெஷினுக்கு அப்போதெல்லாம் கண்ணாடி ஜாடிகளில் மருந்துத் தண்ணீர் ஊற்றித்தான் மின்சாரம் எடுப்பார்கள். விளிம்பு பெயர்ந்துபோய்க் கழித்துப் போட்ட ஜாடி ஒன்றை அப்பா சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதில் உப்பு போட்டு வைக்கலாம் என்று நினைத்தாள். எத்தனை முறை கழுவியும் மருந்து வாடை போகவில்லை. கிணற்றடியில் ஒரு மாதம் கிடந்து, ஒருவழியாக வாடை போனபோது, அது என்னுடையதாகியிருந்தது. கனமான சதுர ஜாடி. கண்ணாடியில் லேசாகப் பச்சை ஓடும். உள்ளே எதைப் போட்டாலும் ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியும். அந்த மாதிரிக் கண்ணாடியைப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

அதில்தான் தவளைகளை வளர்த்தேன். தண்ணீர்த் தவளைகள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. அம்மிக்கு அடியிலும் குப்பை மூலையிலும் சொறிசொறியாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, அது தேரை. தரையில் திரிவது. என்னுடையவை வயலோரக் குட்டையில் துண்டை விரித்து அரித்துப் பிடித்தவை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கண் இரண்டும் உச்சந்தலையில். கையைக் காலை விரித்துப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் மிதக்கும். குட்டையில் விரட்டினால் ஓட்டாஞ்சில்லை வீசியதுபோலத் தண்ணீருக்கு மேலேயே தத்தித் தத்திப் போகும். தரையில் விட்டாலோ, செருப்பைத் தொலைத்தவர்கள்போல் விழிக்கும்.

நான்கு இருந்தன. அப்பாவின் உத்தியோகத்துக்கு மரியாதையாக ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, பாயிண்ட்ஸ்மேன், டிக்கெட் பரிசோதகர் என்று பெயர் வைத்திருந்தேன். இருப்பதில் குண்டு ஸ்டேஷன் மாஸ்டர். ஏறி உட்கார ஒரு தேங்காய்ச் சிரட்டையை மிதக்கவிட்டிருந்தேன். வாய்க்கு ஒரு பழைய மல் துணியைக் கட்டி வைப்பேன். அசையாத தீனியை அவை திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே ஈ, எறும்பு, ஈசல் என்று உயிரோடு பிடித்துப் போடுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டியோடு ஈ பிடித்துத் திரிந்த ஒரே பெண் நான்தான். ஒருநாள் கார்டு இறுக்கமான சட்டையைக் கழற்றுவதுபோல் தன் தோலைத் தலை வழியாக இழுத்துக் கழற்றி, கழற்றிய தோலை அப்படியே விழுங்கியதைப் பார்த்தேன். அதை ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

என் தவளை ஞானத்தில் ஒரு துக்கமும் உண்டு. முந்தின வருஷம் சீசனில் அப்பா எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் அருவிக்குள் அடித்துப் பிடித்து நுழைந்துகொண்டிருக்க, நான் ஓரமாக நின்று பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் தெறித்து, பாறைமேல் காகிதக் கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் இடம். அந்த ஈரத்தில் கிராம்பு கிராம்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தன. தலைப்பிரட்டைகள்! ஆனால் குட்டையில் பார்க்கிற மாதிரி உருண்டைத் தலையும் அகல வாலும் இல்லை. தட்டையான உடம்பு, நூல்போல நீளமான வால், அதற்குள் பின்னங்கால் வேறு முளைத்திருந்தது. தொட்டால் பாறைமேலேயே விசுக்கென்று துள்ளி மேலே ஏறும். மூன்றைத் தம்ளரில் எடுத்துவந்து ஜாடியில் விட்டேன். ஜாடி நிறையத் தண்ணீர். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். விடிந்து பார்த்தால் மூன்றும் அடியில் கிடந்தன.

"தண்ணில பொறந்தது தண்ணில சாவுமா, ஏட்டி?" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். சாகும். அவை ஆழத்தில் வாழ்பவை அல்ல, ஈரத்தில் வாழ்பவை. மூன்று உயிரைக் கொன்றுதான் அதைத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். எனக்கு ஒரு தம்பி பிறந்தான். அவனுக்கு மூன்று மாதமாகும்போது அம்மா டைபாய்டில் விழுந்தாள். பிழைத்து எழுந்தாளே தவிர, தாய்ப்பால் வற்றிவிட்டது. பசும்பாலில் சரிபாதி தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பால்காரர் காலையும் மாலையும் பசுவை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து தருவார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய முருகன் பெயர். தெருவிலேயே பயபக்தியான மனுஷர் அவர்தான். வைகாசி வரைக்கும் தம்பி கொழுகொழுவென்றுதான் இருந்தான்.

ஆனி பிறந்தது, அருவியில் தண்ணீர் விழுந்தது, சீசன் வந்தது. குற்றாலம் முழுக்க வெளியூர்க் கூட்டம். பால்காரரின் தொழுவம் அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது. சாப்பாட்டுக் கிளப்புகளும் பங்களாக்களும் பால் பால் என்று பறந்ததில், பசுவைத் தென்காசிக்கு ஓட்டிவர அவருக்கு நேரமில்லை. சைக்கிளில் கேன் கட்டிக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். பாலில் ஆடை படியவில்லை என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"சாரல் காலம்லா தங்கச்சி. ஈரப் புல்லாத் திங்குது, பால் நீத்துத்தான் இருக்கும்" என்றார்.

நம் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அம்மாவும் நம்பினாள். நம்பியது போதாதென்று, ஆஸ்பத்திரியில் சொன்ன பாதித் தண்ணீரையும் தவறாமல் ஊற்றினாள்.

தம்பி மெலிய ஆரம்பித்தான். ஆடி பிறப்பதற்குள் தொடைச் சதை தொங்கி, விலா எலும்பு எண்ணும்படி ஆகி, முகம் கிழவன் முகமாகிவிட்டது. பால் புகட்டும் பாலாடையை வாயில் வைத்தால் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி அழுவான். அழக்கூடச் சத்தில்லாமல் பூனைக்குட்டிபோல் முனகுவான். ஈரத்துணி காயாமல் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகையும் மூத்திர வாடையுமாக இருந்தது.

துணைக்குச் சிவகிரியிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. வந்தவள் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, முற்றத்து ஓரத்தில் இருந்த ஜாடியைப் பார்த்தாள்.

"தேரை விழுந்திருக்கு" என்றாள். "புள்ள மேல தேரை பாஞ்சா இப்படித்தான் வத்திக்கிட்டே போவும். தேரைய வீட்டுக்குள்ள வச்சு வளத்தா வெளங்குமா?"

"அது தேரை இல்ல அத்தை, தண்ணித் தவக்களை. துள்ளி வெளிய வராது" என்றேன்.

"வாயப் பொத்துட்டி. தேரையாம், தவக்களையாம்! எல்லாம் ஒரே சாதிதான்."

தம்பி இடுப்பில் கறுப்புக் கயிறு ஏறியது. மந்திரித்த தண்ணீர் வந்தது. பால்காரர்கூட மனமிரங்கி, இலஞ்சி முருகன் கோயில் விபூதியைக் கொண்டுவந்து தன் கையாலேயே பிள்ளை நெற்றியில் பூசினார். பிள்ளை தேறவில்லை. கடைசியில் அத்தை தீர்ப்புச் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்னால், தவளைகளை ஜாடியோடு கொண்டுபோய் ஊருக்கு வெளியே உடைத்துப் போட வேண்டும். அப்பா சரியென்று தலையாட்டினார். நாத்தனாரை எதிர்த்து அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் என்ன பாடு பட்டேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தவளைகள் போய்விடுமே என்று அழுகை வந்தது. தம்பி செத்துப்போய்விடுவானே என்றும் அழுகை வந்தது. ஒருவேளை அத்தை சொல்வது உண்மையாக இருந்தால், தம்பியைக் கொல்வது நான்தானே என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. ஜாடிப் பக்கம் போகவே இரண்டு நாள் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை அம்மா பாத்திரத்திலிருந்து சட்டிக்கு மாற்றினாள். மாற்றியவள் வீல் என்று கத்தினாள். பாலுக்குள்ளிருந்து கிராம்பு போல ஒன்று நெளிந்து வெளியே வந்து, சட்டியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

"சொன்னேம்லா! தேரைக் குட்டி பாலுக்குள்ளயே வந்துட்டு பாத்தியா!" அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "இன்னும் வெள்ளிக்கிழம வரைக்கும் வச்சுப் பாக்கப் போறியளா? ஏல தம்பி, தூக்குல அந்தச் சனியன!" என்று அப்பாவை விரட்டினாள்.

அப்பா சட்டையைக்கூட மாட்டாமல் ஜாடியைத் தூக்கிவிட்டார். தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் ஊற்றியது. நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு விழுந்துவிட்டேன். விழுந்த இடத்திலிருந்து அடுப்படியில் இருந்த சட்டி தெரிந்தது. அந்தக் கிராம்பு பாலுக்குள் திரும்பிப் போகவில்லை. சட்டிச் சுவரில் விசுக்கென்று ஒரு துள்ளுத் துள்ளி இன்னும் மேலே ஏறியது. நூல் வால். தட்டை உடம்பு.

எழுந்து ஓடிப்போய்ச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, இது நம்ம தவக்களைக்குப் பொறந்தது இல்ல! நம்ம ஜாடில குஞ்சே கெடையாது, நீங்களே பாருங்க. இது குத்தாலத்துப் பாறைல இருக்கது. போன வருசம் எடுத்துட்டு வந்தேம்லா, செத்துப்போச்சே, அதே இனம்!"

"பொய் சொல்லுதா" என்றாள் அத்தை.

"பொய்யில்ல. இப்பவே காட்டுதேன்."

அப்பா ஜாடியைக் கீழே வைத்தார். அதுதான் என் முதல் வெற்றி. அந்தத் தலைப்பிரட்டையை விரலில் ஏந்தி ஜாடித் தண்ணீரில் விட்டேன். அது பதறிக்கொண்டு நெளிந்து ஓரத்துக்கு வந்து, தண்ணீரை விட்டு வெளியேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மறுபடி உள்ளே தள்ளினேன், மறுபடி வெளியே வந்தது. பிறகு அம்மிக் கல்லில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அதன்மேல் விட்டேன். சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் அந்த ஈரக் கல்லில் விசுக் விசுக்கென்று துள்ளித் திரிந்தது. ஜாடிக்குள் ஸ்டேஷன் மாஸ்டரும் மற்ற மூவரும் கையைக் காலை விரித்து மிதந்துகொண்டு, தங்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல் இருந்தார்கள்.

அப்பா அம்மிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஆயிரம் மூட்டைகளில் எது எந்த ஊரில் ஏற்றியது என்று பார்த்துப் பழகிய கண்.

"சரி. சரக்கு வந்து சேந்துட்டு. எங்கன ஏத்துனது?" என்றார், ஆபீஸ் குரலில்.

"மலையடிவாரத்துல, பாறைல தண்ணி வழியுத எடத்துல."

"நம்ம கெணத்துல இருக்குமா?"

"இருக்காது."

"தென்காசில வேற எங்கனயாவது?"

"தண்ணி வழியுத பாறையே இல்லையேப்பா!"

"அப்ப மாடு இதத் தின்னு பாலோட கறந்துச்சா?" என்று கேட்டவர், பதிலைத் தானே உணர்ந்து எழுந்துகொண்டார். பால்காரர் வரும் வழியில் பாறை ஓடை ஒன்று இருக்கிறது. அங்கே நின்றுதான் கேனை நிரப்பியிருக்கிறார்.

அம்மாவுக்கு அது புரிந்த நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். கையிலிருந்த பாலாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு பாதி ஊத்தியிருக்காரு. அதுக்கு மேல பாதி நான் ஊத்துனேன்" என்றாள். "எம் புள்ளைக்கு வெறும் தண்ணியையா குடுத்தேன்? பசிச்சுல்லா அழுதிருக்கான்!" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். அன்றைக்கு மதியத்திலிருந்தே கலப்பில்லாத பாலுக்கு அப்பா வேறொரு வீட்டில் ஏற்பாடு செய்தார். தம்பி வயிறாரக் குடித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு முனகாமல் தூங்கினான். செத்துவிட்டானோ என்று நான் மூன்று முறை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் பால்காரர் வந்தார். சாட்சியை அம்மிக் கல்லில் ஈரத்துணி போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தேன். அப்பா துணியை விலக்கிக் காட்டினார்.

"காலைல ஒங்க பாலுக்குள்ள இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன் நான்.

அவர் மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் அது எங்கே இருப்பதென்று. முருகா என்றுகூடச் சொல்லவில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சீசனு முடியிற வரைக்கும்னு நெனச்சேன்யா. கேக்கிற எடத்துக்கெல்லாம் இல்லன்னு சொல்ல வாய் வரல" என்றார். பிறகு தொட்டிலைப் பார்த்தார். "நானே துன்னூறு பூசுனேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளை அப்பா விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். நாளையிலிருந்து பசு வாசலுக்கு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கு முடிந்தது என்று நான் ஆனந்தமாக ஈ பிடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் அத்தை வந்து ஜாடியைத் தானே தூக்கினாள்.

"பால்ல தண்ணி இருக்கட்டும். தேரை தேரைதான். புள்ளைய வத்த வச்சது இதுதான்" என்றாள். ஜாடியை மாரோடு இறுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்து அவளுக்கு எவ்வளவு வீம்பு என்று நான் பல்லைக் கடித்தேன்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு கையால் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ வையுங்க மதினி. அதுக மேல குத்தமில்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க மேலயும் இல்ல" என்றாள்.

அத்தை ஜாடியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவளான பிறகு அம்மா சொன்னாள்: அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் இப்படியே வற்றிப்போய்ச் செத்திருக்கின்றன. இரண்டு முறையும் தேரை விழுந்தது என்றுதான் சிவகிரியில் சொல்லியிருக்கிறார்கள். தேரை இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வியை அவள் ஜாடியோடு தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று நான் பல்லைக் கடித்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன். ஆனாலும் ஜெயித்ததற்கு வெட்கப்படவில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சாரல் நின்று ஈசல் புறப்பட்டது. அத்தை ஒரு கை நிறையப் பிடித்துவந்து, என் முகத்தைப் பார்க்காமல், மல் துணியை விலக்கி ஜாடிக்குள் போட்டாள்.

சாட்சி சொன்ன தலைப்பிரட்டையை ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஈரத்துணியில் வைத்துப் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், பாறையில் விட்டுவந்தோம். அப்பா அதற்கு ஒரு கும்பிடு போட்டார். தம்பி ஆவணி முடிவதற்குள் தொடையில் மூன்று மடிப்போடு தவழ ஆரம்பித்துவிட்டான். இப்போது எழுபதை நெருங்குகிறான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலையைச் சொல்ல விட்டுவிட்டேன். வியாழன் இரவே சங்கதி தெருவுக்குள் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே பால்காரர் பசுவும் கன்றுமாக வாசலில் வந்து நின்றிருந்தார். செம்பு எடுத்துவந்த அம்மாவிடம் அவர் அதை வாங்கவில்லை. "சின்னத் தாயி எங்க? அவள வரச்சொல்லு தங்கச்சி" என்றார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் செம்பும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அம்மாவின் கையிலிருந்த செம்பை வாங்கி, என் கண்ணுக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்துக்கோ தாயி. கறக்கட்டுமா?"

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"விளிம்புல ஒரு சொட்டு நிக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்து அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டு, செம்பை மறுபடியும் கவிழ்த்துக் காட்டினார்.